மடி மாறும் நேரம்

பஸ் சும்மா நிற்பது ஒரு குற்றம் என்று நாங்கள் யாரும் கனவிலும் நினைத்ததில்லை. ஓடுகிற எதுவும் ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கத்தானே வேண்டும்? குதிரைக்கே அந்த நியாயம் உண்டு. ஆனால் ஆபீசில் உட்கார்ந்து ரூட் போடுகிறவர்களுக்கு வேறு நியாயம். சரி, அதைப் பிறகு சொல்கிறேன். ஆத்திரத்தோடு ஆரம்பித்தால் கதை கோணிக்கொண்டு போய்விடும்.

நகரம் மேட்டில் ஏறி ஏறிக் களைத்துப்போய் முடிகிற இடம் எங்களுடையது. அதற்கு மேல் ரோடு கிடையாது, நீர்த்தேக்கத்தின் சுவர்தான். பஸ் ஏறி வந்து, ஒரு வட்டமடித்து, மூஞ்சியைக் கீழ்ப்பக்கமாக வைத்துக்கொண்டு நிற்கும். அதற்கு நேர் எதிரே என் சலூன். நாற்காலியில் உட்காருகிறவர் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பார். நான் அவர் தலைக்கு மேலாக அதே கண்ணாடியில் பஸ் ஸ்டாப்பைப் பார்ப்பேன். இதனால் சில காதுகளுக்குச் சேதம் வந்ததாக ஒரு வதந்தி உண்டு. நம்ப வேண்டாம்.

சாயங்காலமானால் நீர்த்தேக்கத்திலிருந்து பனி எழுந்து சுவரைத் தாண்டி இறங்கும். முதலில் கடைகளின் படிகள் மறையும், பிறகு பெஞ்சின் கால்கள், பிறகு ஆட்களின் முழங்கால்கள். நடந்து வருகிறவர்கள் எல்லோரும் மிதந்து வருவதுபோலத் தெரியும். கீழே பள்ளத்தில் ரயிலுக்காக நட்ட தூண்கள் மட்டும் பனிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். தூண்கள்தான் உண்டு; அவற்றின் மேல் ஒன்றும் கிடையாது. வேலை தொடங்கும், பணம் தீரும், நிற்கும். மறுபடி தொடங்கும், மறுபடி தீரும். உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் கொக்குகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். "ரயில்ல ஆள் ஏறியாச்சு, இனிமே வண்டி வந்தா போதும்" என்பார் டீக்கடைக்காரர். அந்தப் பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு முனகல் கேட்கும். பிறகு மஞ்சளாக இரண்டு வெளிச்சம். பிறகுதான் பஸ்.

அந்த பஸ்ஸில்தான் என் தங்கை வருவாள். கூடப் பிறந்தவள் இல்லை, என் கடைக்கு மாடியில் குடியிருப்பவள். குடிவந்த அன்று "அண்ணே, ஏணி இருக்குமா?" என்று கேட்டாள், அன்றிலிருந்து தங்கை. அப்படியென்றால் அவள் புருஷன் எனக்கு மாப்பிள்ளை, அவர்கள் குழந்தைக்கு நான் தாய்மாமன். ஒரு ஏணிக்கு இத்தனை உறவு கிடைத்தது லாபம்தான்.

தங்கைக்கு நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு துணி கம்பெனியில் வேலை. காலர் மட்டும் தைப்பாள். கையும் உடம்பும் பட்டனும் வேறு யாரோ. "முழுச் சட்டைய நான் பாத்ததே இல்லண்ணே. எல்லாருக்கும் கழுத்து மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்பாள். மாப்பிள்ளைக்கு ரொட்டிக் கடையில் ராத்திரி வேலை. மாவு பிசைந்து, அடுப்பில் தள்ளி, விடியும்போது புருவமெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வருவான். பகலில் அவள் வேலை, ராத்திரி அவன் வேலை. நடுவில் ஒரு குழந்தை. இப்போதுதான் நடக்கப் பழகுகிற பெண் குழந்தை, உருண்டையாக இருக்கும். பட்டாணி என்று கூப்பிடுவோம்.

ஒரே வீட்டில் குடியிருக்கிற புருஷனும் பெண்டாட்டியும் எங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டால், பஸ் ஸ்டாப்பில் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி ஒரு பிழைப்பு. சாயங்காலம் மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு பெஞ்சில் வந்து உட்காருவான். பஸ் வரும். அவள் இறங்கி வருவாள், தலைமுடியெல்லாம் நூல் துணுக்கு. டிரைவர் அண்ணன் இஞ்சினை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். ஒரு டீயை ஆற்றிக் குடித்து, பேப்பரில் பாதியைப் படிக்கிற நேரம் பஸ் அங்கே நிற்கும். திரும்பிப் போகிற அதே பஸ்ஸில்தான் மாப்பிள்ளை வேலைக்குப் போவான்.

அந்த நேரத்துக்குள் குடித்தனம் முழுக்க நடந்துவிடும். ரொட்டியைப் பிய்த்து அவித்த முட்டையோடு இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். அவன் அவள் தலையிலிருந்து நூலைப் பொறுக்குவான். கூரை ஒழுகுவது, அடுப்புத் திரி தேய்ந்தது, மேலாளர் முறைத்தது எல்லாம் பேசுவார்கள். சண்டைகூட அங்கேயே போட்டு அங்கேயே முடித்துக்கொள்வார்கள். பட்டாணி அப்பா மடியில் இருந்தபடி அம்மாவைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்ப்பாள். பிறகு ஒரு காலை எடுத்து அம்மா மடியில் வைப்பாள். பிறகு ஒரு கை. இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நிச்சயமானால்தான் முழுசாக நகருவாள். தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மெல்லச் சாய்ப்பது போல இருக்கும். காலையில் இதே காட்சி, ஆள் மட்டும் மாறும். சொன்னால் சிரிப்பீர்கள், அதைப் பார்ப்பதற்காகவே நான் சீக்கிரம் கடை திறப்பேன்.

ஒருநாள் நடுப்பகலில், பஸ் இல்லாத நேரமாகப் பார்த்து, ஆபீஸ் ஜீப்பில் ஒரு பெண் வந்து இறங்கினார். மழைக்கோட்டு, கையில் ஒரு பலகைக் கம்ப்யூட்டர், மூக்கு சிவந்து ஓயாத தும்மல். ரூட்டுகளைத் திருத்தி எழுதுகிறவராம். பேரெல்லாம் யார் கேட்டார்கள், எங்களுக்கு அவர் தும்மல் மேடம்.

"பஸ் இங்க வந்தா டிரைவர் எவ்வளவு நேரம் நிக்கிறாரு?" என்று டீக்கடையில் கேட்டார். "அவருக்கு..." என்று அடுத்ததை ஆரம்பிக்கும்போது தும்மல் வந்துவிட்டது.

அந்த இடைவெளியில் மாப்பிள்ளை பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான், குழந்தையோடு.

"நிக்கவே நிக்காதுங்க மேடம்! வந்த சூட்டோட திரும்பிடும். நாங்கதான் ஓடி ஓடி ஏறணும்."

"அப்படியா? ஓய்வே எடுக்க மாட்டாரா?"

"ஓய்வா? அந்த மனுசனுக்கா? டீ கூட குடிக்க மாட்டாருங்க."

டீக்கடைக்காரர் தன் வியாபாரத்தையே மறந்து "ஆமாங்க, நான் ஊத்தினதே இல்ல" என்றார். காய்கறி விற்கிற அம்மாள் தன் பங்குக்கு, "பாவம், ஒண்ணுக்குக்கூட இறங்க மாட்டாரு" என்றார். நான் அந்த நேரம் ஒருவர் கழுத்தில் கத்தி வைத்திருந்தேன். இல்லையென்றால் நானும் வெளியே ஓடி ஒரு சத்தியம் பண்ணியிருப்பேன். டிரைவர் அண்ணன் எங்களுக்காக நிற்கிறவர், அவரைக் காட்டிக்கொடுப்போமா? மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தும்மிக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை தலைகால் புரியாமல் இருந்தான். "அண்ணனக் காப்பாத்திட்டேன்ல?" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

அடுத்த மாதம் புது நேரம் வந்தது. டிரைவர் அண்ணன் இஞ்சினை அணைக்காமலே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"யாருய்யா அது, நான் நிக்கவே மாட்டேன்னு சொன்ன மகராசன்?"

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம்.

"இங்க நிக்கிற நேரத்த அடியோட எடுத்துட்டாங்க. வந்தா உடனே திரும்பணுமாம். இதோ பாருங்க மெஷினு, சும்மா நின்னா சிவப்பாயிடும். கதவத் திறந்து ஆள் ஏறிட்டிருந்தா ஒண்ணும் இல்ல. சும்மா நின்னா மெமோ." என்று ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைத் தட்டினார். "ஏறுய்யா மாப்ள, சீக்கிரம்!"

தங்கை பின்வாசல் வழியாக இறங்கி ஓடி வந்தாள். மாப்பிள்ளை குழந்தையை அவள் கையில் திணித்துவிட்டு முன்வாசல் வழியாக ஏறினான். சாப்பாட்டு டப்பா பெஞ்சிலேயே கிடந்தது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வழியில்லை. அது வருவதற்குள் ரொட்டிக் கடையில் மாவு புளித்துவிடும், கதவையும் சாத்திவிடுவார்கள். பஸ் பனிக்குள் இறங்கிப் போயிற்று. பட்டாணி ஒரு விநாடி திகைத்தாள், பிறகு அலறினாள் பாருங்கள்! அப்படி ஓர் அழுகையை அந்த உருண்டைக்குள் வைத்திருந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது.

தினமும் அதே கதையாயிற்று. சாயங்காலம் அப்பாவுக்காக அழுகை, காலையில் அம்மாவுக்காக அழுகை. பால் குடிக்க மாட்டாள், தொண்டை கட்டிக்கொண்டது. அம்மா தூக்கினால் விறைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். தங்கைக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் பகலில் வீட்டில் இருக்கிற ஒரே நாள், மாடியிலிருந்து சத்தம் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை, பலகைத் தரை அப்படி.

"அக்காகிட்ட பேசிட்டேங்க. மாசக் கடைசில வந்து கூட்டிட்டுப் போறாங்களாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஸ்கூல் போற வரைக்கும்."

"அதுக்கு வருசக்கணக்காகுமே. நம்மள மறந்துடுவா."

"இப்ப மட்டும் ஞாபகம் வச்சிருக்காளா? என்னத் தொடவே விட மாட்டேங்குறா. யாரோ மாதிரி பாக்குறா. நான் ஒருத்தி வேலைய விட்டா வாடகை போச்சு, நீங்க விட்டா சாப்பாடு போச்சு. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

அவன் மெல்லச் சொன்னான். "என் வாய்தான். என் வாயால கெட்டேன்."

மறுநாள் காலையில் வேலை முடிந்து வந்தவனை, புருவத்து மாவைக்கூடத் துடைக்க விடாமல் நானே இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். குழந்தையும் கூடவே வந்தது. தும்மல் மேடத்தின் அறையில் சுவர் முழுக்க நகரத்தின் படம். எங்கள் ரூட் பச்சைக் கோடாக மேட்டில் ஏறி ஒரு புள்ளியில் முடிந்தது. அந்தப் புள்ளிக்குள்தான் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

"மேடம், அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க" என்றான் மாப்பிள்ளை. "பஸ் நிக்கும். நல்லா நிக்கும்."

"ஏன் பொய் சொன்னீங்க?"

"டிரைவர் அண்ணனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். "அவருக்கு அந்த ஓய்வு போதுமான்னு கேக்கத்தாங்க வந்தேன். பத்தலன்னா இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுக்கலாம்னு இருந்தேன். நிக்கவே மாட்டாருன்னு நீங்க சொன்னதும், வேண்டாத நேரம்னு எடுத்துட்டோம்."

மாப்பிள்ளைக்கு முகம் செத்துப்போயிற்று. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"பரவால்ல, இப்ப மாத்திடுங்க" என்றேன் நான்.

"மாத்த முடியாதுங்க. அந்த நேரத்த எல்லா டிரிப்புக்கும் சேத்துப் பாத்ததுல ஒரு பஸ் மிச்சமாச்சு. அத ஆஸ்பத்திரி ரூட்டுக்கு விட்டாச்சு. நோயாளிங்க வெயில்ல நின்னு நின்னு மயங்கி விழுந்துட்டிருந்த ரூட்டு. இப்ப அவங்ககிட்டேருந்து பிடுங்கட்டுமா? நீங்களே சொல்லுங்க."

என் வாய் சும்மா இருக்குமா? "புதுசா ஒரு பஸ் வாங்குங்களேன்."

"வாங்கிடலாம். வாங்குறதுக்குக் காசு குடுப்பாங்க. தூண் நடக் குடுப்பாங்க, பாலம் கட்டக் குடுப்பாங்க. அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கலாம் பாருங்க. தினம் ஓட்டுறதுக்கு யாரு குடுப்பா? டீசல், டயர், டிரைவர் சம்பளம், இதுக்கெல்லாம் யாரு ரிப்பன் வெட்டுவா? இதுல ரயிலுக்கு எங்க பங்குன்னு வருசா வருசம் பஸ் பணத்துலேருந்துதான் எடுத்துக் கட்டுறோம். ரயிலும் வரல, பஸ்ஸும் இளைச்சுப்போச்சு."

"கல்யாணத்துக்குக் கடன் தருவான், குடித்தனத்துக்குத் தர மாட்டான். அப்படித்தானே?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். உடனே தும்மலும் வந்தது. "இத நான் மீட்டிங்குல சொல்லிக்கிறேன்" என்றார். வாசல்வரை வந்து குழந்தையின் கன்னத்தைத் தொடப்போனார். பட்டாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி வரும்போது மாப்பிள்ளை பஸ்ஸில் புருவத்து மாவைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டே வந்தான். நல்லவர்களிடம் போய் இல்லை என்ற பதிலோடு வருவது போலக் கொடுமை வேறு எதுவும் இல்லை. திட்டக்கூட ஆள் கிடைப்பதில்லை.

அந்த வாரத்தில்தான் காய்கறி அம்மாளின் சுருக்குப் பை நாங்கள் எதிர்பாராத வேலையைச் செய்தது. சாயங்காலம் பஸ் வந்தது. கண்டக்டர் இல்லாத பஸ், ஏறும்போதே டிரைவரிடம்தான் டிக்கெட் வாங்க வேண்டும். முதல் ஆளாக அந்த அம்மாள் ஏறினார், டிக்கெட்டுக்குச் சில்லறை தேடினார். கிடைக்கவில்லை. பையைத் தலைகீழாகக் கொட்டினார். பாக்கு, சாவி, மாத்திரை, யாருடையதோ ஒரு பல். எல்லாம் படியில் உருண்டன. டிரைவர் அண்ணன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். வரிசையில் பின்னால் மாப்பிள்ளை நின்றான். இறங்கி வந்த தங்கை அவன் பக்கத்தில் போய் நின்றாள். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பட்டாணி அப்பா மடியிலிருந்து அம்மாவை முறைத்தாள். முறைத்துக்கொண்டே ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள்.

நான் முகத்தில் பாதி சோப்போடு ஒரு ஆளை நாற்காலியில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். மெஷின் பச்சையாகவே இருந்தது. ஆள் ஏறிக்கொண்டிருக்கிறார்களே!

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. மறுநாள் காய்கறி அம்மாள் ஏறி முடித்ததும் நான் படியில் கால் வைத்தேன்.

"அண்ணே, இது கீழ மார்க்கெட் போகுமா?"

"போகும்."

"மார்க்கெட்டுக்குள்ள போகுமா, வெளியவா?"

டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. "எந்த மார்க்கெட்டுங்க?" என்றார், முன்பின் பார்க்காதவர் போல.

"எத்தனை மார்க்கெட் இருக்கு?"

"கேட்டா சொல்றேன்."

பின்னால் டீக்கடைக்காரர், அவருக்குப் பின்னால் தபால்காரர். ராத்திரி டியூட்டிக்குப் போகிற நர்ஸ் ஒருத்தி மட்டும் கத்தினாள். "என்ன விளையாடுறீங்களா? எனக்கு லேட்டாகுது!" தபால்காரர் காதோடு ஏதோ சொல்லி பெஞ்சைக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, "என் பாஸ் எங்க வச்சேன்னே தெரியலையே" என்று தேட ஆரம்பித்தாள். பாஸ் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கனவு போலத்தான் இருக்கிறது. பனி முழங்கால்வரை. விளக்கெரியும் பஸ்ஸின் வாசலில் ஏறாத ஒரு வரிசை. "இதுல ஏறினா கடல் வருமா?" என்று ஒருவர். "கொக்குக்கு டிக்கெட் உண்டா?" என்று இன்னொருவர். யாருக்கும் எங்கேயும் போகவேண்டிய அவசரம் இல்லை. காலை பஸ்ஸுக்கும் முறை வைத்துக்கொண்டு எழுந்து வந்தார்கள். பட்டாணி மறுபடி பால் குடித்தாள். தங்கையின் தலையில் நூல் குறைந்தது. ஆனால் அக்கா வருவதாகச் சொன்ன ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் துணிமூட்டை கட்டியபடியே கதவோரம் இருந்தது.

"அவிழ்த்துடேம்மா" என்றேன்.

"எத்தனை நாளைக்குண்ணே இது ஓடும்? ஒருநாள் யாராவது வந்து கேப்பாங்க. அப்ப திரும்பவும் அவளப் பிச்சு எடுக்கணும். ஒரு தடவை தாங்குனா, இன்னொரு தடவை தாங்க மாட்டா" என்றாள்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. அக்கா வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தூறல். பஸ் வந்து நின்றது. தங்கைக்குப் பின்னால் ஒரு மழைக்கோட்டு இறங்கிற்று. தும்மல் கேட்டதும் வரிசை அப்படியே உறைந்தது. டீக்கடைக்காரர் நைசாக நழுவப் பார்த்தார். டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். பெஞ்சில் மாப்பிள்ளை பாதி எழுந்து, குழந்தையைத் தங்கையிடம் நீட்டத் தயாராக நின்றான்.

மேடம் என்னிடம்தான் வந்தார். என் வாய் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

"இந்த ஸ்டாப்புல மட்டும் ஆள் ஏற இவ்வளவு நேரம் ஆகுதுன்னு மெஷின் சொல்லுது. ஆனா டிக்கெட்டப் பாத்தா நாலு பேரு."

"மெதுவா ஏறுவோம் மேடம். மேட்டுக்காரங்க."

"நீங்க இங்க மெதுவா ஏறினா, கீழ அடுத்த ஸ்டாப்புல மழையில நிக்கிறவங்க கதி?"

அது எனக்குத் தோன்றவேயில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டு நாளா நான் அங்கதான் நின்னேன், அவங்களோட" என்றார் அவர். "பஸ் ஏன் லேட்டுன்னு கேட்டேன். ஒருத்தர்கூட திட்டல. ஒரு பெரியவர் சொன்னாரு, 'வந்துடும்மா, மேல குழந்த மடி மாறுது'ன்னு."

டிரைவர் அண்ணன் இப்போதும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே போய் அவர்களிடம் சொன்னது யார் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது.

மேடம் பெஞ்சைப் பார்த்தார். மாப்பிள்ளை நீட்டிய கையோடு நிற்கிறான், குழந்தை உதட்டைப் பிதுக்குகிறது, தங்கை பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "நான் கேட்டுப் பாத்தேங்க" என்றார் மேடம், அவர்களைப் பார்த்து. "பணம் இல்லன்னுட்டாங்க. என்னால ஒரு நிமிசம்கூடத் தர முடியல."

"பரவால்லீங்க" என்றாள் தங்கை.

மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு வரிசையின் முன்னால் போய், என்னைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லி, படியில் ஏறாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டிரைவர் சார், இந்த பஸ் எங்க போகுது?"

டிரைவர் அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ரூட்டைப் போட்டவரே மேடம்தான்.

"எங்க போகுதுன்னா, மேடம்..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒவ்வொரு ஸ்டாப்பா சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க. எனக்கு இந்தப் பக்கம் புதுசு."

அவர் சொல்ல ஆரம்பித்தார். மாப்பிள்ளை மெல்லத் திரும்பவும் பெஞ்சில் உட்கார்ந்தான். தங்கை இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். பட்டாணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு காலை எடுத்து அம்மா மடியில் வைத்தாள்.